போனைப் பூட்டி வைத்தும் மூன்று மணிக்கு முன் தூக்கம் வரவில்லை, என்ன செய்வது?

மூன்றாமாண்டு_ஆந்தை:

எல்லோருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் இருக்கிறேன். ‘போனைக் கீழே வை, தூக்கம் தானாக வரும்’ என்று பதில் போட நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள். அதைச் செய்து பார்த்தாயிற்று. பத்தரைக்கே போனை அணைத்து, அறை நண்பனின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி, சாவியையும் அவனிடமே விட்டுவிட்டேன். கண்ட பலன், போனும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் மூன்று மணி வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான்.

வார நாட்களில் எட்டரைக்கு வகுப்பு. 7:50க்கு மூன்றாவது அலாரம் அடிக்கும்போது எழுந்து, முகம் கழுவியும் கழுவாமலும் ஓடுகிறேன். முதல் இரண்டு வகுப்பிலும் உடம்பு மட்டும்தான் பெஞ்சில் இருக்கும். பிறகு நோட்டைத் திறந்தால், நான் எழுதிய சமன்பாடே பாதியில் கோணலாக இறங்கி, அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்திருக்கிறது. மாலை நான்கு மணிக்குக் கண் சொருகும், ஆறு வரை தூங்கிவிடுவேன். எழுந்ததும் பெரிய குவளை நிறையக் காபி. அதன் பிறகும் ஒன்பது மணி வரை மந்தம்தான். பத்து, பதினொரு மணிக்கு மேல் மூளை பளிச்சென்று விழித்துக்கொள்கிறது. என் உருப்படியான படிப்பெல்லாம் பதினொன்று முதல் இரண்டு வரைதான்.

சனி, ஞாயிறு மதியம் பன்னிரண்டரை வரை தூங்கி வாரத்துக் கடனை அடைக்கிறேன். அதனால்தானோ என்னவோ, ஞாயிறு இரவு தூக்கம் வர நாலரை ஆகிவிடுகிறது.

வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள். செமஸ்டர் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. என் உடம்பில் ஏதாவது கோளாறா? தேர்வுக்கு முந்தைய சில இரவுகளை மட்டும் சரி செய்துகொண்டால் போதுமா? மெலடோனின் மாத்திரை வாங்கிப் போடலாமா?


பழைய_ஹாஸ்டல்வாசி:

தம்பி, இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நாங்கள் படித்த காலத்தில் விடிய விடியக் கண் விழித்துத்தான் தேர்வு எழுதினோம். ஐந்து, ஆறு மணி நேரத் தூக்கம் தாராளம், உடம்பு பழகிவிடும். வேலைக்குப் போனதும் எல்லாம் தானாகச் சரியாகும். ரொம்ப யோசிக்காதே, யோசித்தால்தான் தூக்கம் போகும்.


முதல்மணி_ஆசிரியை:

தம்பி, நான் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். பல வருடமாக எனக்கு வாய்ப்பது முதல் மணி வகுப்புதான், அதனால் உங்கள் கோணல் சமன்பாட்டை மேடையில் நின்று தினமும் பார்க்கிறேன். தலை மெல்ல மெல்லச் சாய்ந்து, திடுக்கென்று நிமிர்ந்து, யாராவது பார்த்தார்களா என்று கண்ணைச் சுழற்றும் பிள்ளைகளை நான் திட்டுவதில்லை. குறட்டை விட்டால் மட்டும் எழுப்புவேன், மற்றவர்கள் தூக்கம் கெட்டுவிடுமே.

சோம்பேறித்தனம் என்ற பேச்சை முதலில் ஓரம்கட்டிவிடலாம். பதின்ம வயது தொடங்கியதும் உடல் கடிகாரம் ஆண்டுக்கு ஆண்டு தாமதமாகிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 20 வயதில் அந்தத் தாமதம் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. ஜெர்மனியில் டில் ரோனபெர்க்கின் குழு ஆயிரக்கணக்கானவர்களின் தூக்க நேரங்களைச் சேகரித்து 2004இல் இதைக் காட்டியது. பெண்கள் அந்த உச்சத்தைச் சற்று முன்னதாகவும் ஆண்கள் சற்றுப் பின்னதாகவும் தொடுகிறார்கள். நீங்கள் இப்போது சரியாக அந்த வயதில் நிற்கிறீர்கள். உங்கள் பாட்டி ஐந்து மணிக்கு எழுவதும் நீங்கள் எழ முடியாமல் தவிப்பதும் குணத்தின் விஷயமே இல்லை. இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். அது வேறு விஷயம்.

ஆனால் வயது மட்டும் உங்களை மூன்று மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தாது. ஒன்றரை மணி வரை வேண்டுமானால் வயதின் கணக்கில் எழுதலாம், மீதி உங்கள் நாள் அமைந்திருக்கும் விதம்.

தூக்கத்தை நடத்துபவை இரண்டு. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் ஏறும் தூக்க அழுத்தம் ஒன்று, அடினோசின் என்ற பொருள் சேர்வது அதில் முக்கியமான பங்கு. அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு ஓடும் உள் கடிகாரம் இன்னொன்று. அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த இந்த விளக்கத்தை இன்றும் அடிப்படையாக வைத்துத்தான் பேசுகிறோம். (அழுத்தம் என்ற சொல்லை இப்படிப் பயன்படுத்துவதற்கு இயற்பியல்காரர் மன்னிக்கவும்.)

இனி உங்கள் பத்தரை மணிப் பரிசோதனைக்கு வருகிறேன். மூன்று மணிக்குத் தூங்கிப் பழகிய உடம்பில் இரவு வந்ததைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்குவது ஏறக்குறைய ஒரு மணிக்கு. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உள் கடிகாரம் உங்களை விழிக்கவைக்க முழு மூச்சாக வேலை செய்யும். பெரெட்ஸ் லாவி 1980களில், பங்கேற்றவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏழு நிமிடம் படுக்கவைத்து ‘தூங்குங்கள்’ என்று சொல்லி, நாள் முழுவதும் அளந்து பார்த்தார். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், யாரும் சுலபத்தில் தூங்க முடியாத ஒரு பொழுது இருப்பது அதில் தெரிந்தது. பதினொரு மணிக்கு உங்கள் மூளை பளிச்சென்று ஆவதும், பத்தரைக்குப் படுத்தால் மின்விசிறி மட்டுமே துணை என்று ஆவதும் இதனால்தான். போன் குற்றவாளியே இல்லை என்று சொல்ல மாட்டேன், இரவு வெளிச்சம் கடிகாரத்தைத் தள்ளிப்போடும். ஆனால் போனைப் பூட்டிய அன்றே கடிகாரம் நாலரை மணி நேரம் முன்னால் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தது நியாயமில்லை.

மாலைத் தூக்கம், நாள் முழுவதும் சேர்ந்த அழுத்தத்தை ஆறு மணிக்கே வடித்துவிடுகிறது. போதாததற்கு அந்தக் காபி. காஃபின் அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் ஏறுவதே மூளைக்குத் தெரியாமல் செய்துவிடும். அதன் அரை ஆயுட்காலம் சராசரியாக ஐந்து மணி நேரம். அரை ஆயுட்காலக் கணக்கை உங்களுக்கு நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஆறு மணிக் குவளையில் பதினொரு மணிக்கு எவ்வளவு மிச்சம், நான்கு மணிக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் சனி, ஞாயிறு. வார நாட்களில் உங்கள் தூக்கத்தின் நடுப்புள்ளி ஐந்தரை மணிவாக்கில் விழுகிறது. வார இறுதியில் நான்கு மணிக்குப் படுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அது எட்டே காலுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று நேர மண்டலங்களைத் தாண்டிப் பறந்து, திங்கட்கிழமைதோறும் திரும்பி வருகிற ஆள் நீங்கள். ரோனபெர்க் குழு இதற்கு 2006இல் ‘சமூக ஜெட் லேக்’ என்றே பெயர் வைத்தது.

தேர்வுக்கு முந்தைய சில இரவுகள் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதலாண்டு வேதியியல் வகுப்பின் சுமார் 100 மாணவர்களுக்குக் கையில் பட்டை கட்டி, ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தை அளந்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. நீளம், தரம், ஒழுங்கு மூன்றும் சேர்ந்து, மதிப்பெண் வேறுபாட்டில் கால் பங்கு அளவுக்குத் தொடர்பு காட்டின. ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் எவ்வளவு தூங்கினார்கள் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரமும் மாதமும்தான் பேசின. தொடர்பு இருப்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது என்று உங்கள் துறைக்காரருக்குத் தெரியும். இருந்தாலும், பாடம் மூளையில் பதிவது படித்த அன்றைய இரவுகளில் என்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஹார்வர்டில் 61 மாணவர்கள் 30 நாள் தூக்கக் குறிப்பு எழுதிய ஆய்வும் உங்களுக்கு வேண்டியதுதான், அது 2017இல் வந்தது. கண்ட நேரத்தில் தூங்கியவர்களும் ஒழுங்காகத் தூங்கியவர்களும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு நேரம்தான் தூங்கியிருந்தார்கள். ஆனாலும் ஒழுங்கற்றவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது, மெலடோனின் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக ஏறியது. பகல் வெளிச்சம் அவர்களுக்குக் குறைவாகவும் இரவு வெளிச்சம் கூடுதலாகவும் கிடைத்திருந்தது.

ஆகவே படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். வாரத்தின் ஏழு நாளும் ஏழரைக்கு எழுந்து, அரை மணி நேரத்துக்குள் கூரைக்கு வெளியே போய்விடுங்கள். மேகமூட்டமான காலைகூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம். மாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, தாங்கவே முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன்னால் 20 நிமிடக் கோழித்தூக்கம் போடுங்கள். காபி மதியத்தோடு சரி. பத்தரைக்குப் படுக்கவே வேண்டாம், முதல் சில நாள் இரண்டரைக்கே படுங்கள். படுத்ததும் தூக்கம் வர ஆரம்பித்த பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி, அரை மணி என்று முன்னால் கொண்டுவாருங்கள். முதல் வாரம் நரகமாகத்தான் இருக்கும்.

பழைய ஹாஸ்டல்வாசிக்கு ஒரு வார்த்தை. உடம்பு பழகுவதில்லை ஐயா, பழகிவிட்டதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். 2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் சகாக்களும் ஒரு குழுவைத் தொடர்ந்து 14 இரவு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்கள் செய்த கவனப் பிசகுகள், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு ஏறியிருந்தன. அவர்களையே கேட்டபோது ‘கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்’ என்கிற மாதிரி மதிப்பிட்டார்கள்.


பழைய_ஹாஸ்டல்வாசி:

சரிங்க மேடம், வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாங்கள் எல்லாம் பாஸ் ஆனோம்.


மூன்றாமாண்டு_ஆந்தை:

மேடம், இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. பன்னிரண்டரை வரை தூங்குவது கடனை அடைப்பதாக நினைத்திருந்தேன், வட்டி கூடுகிறது போல.

இரண்டு சிக்கல். என் கட்டில்தான் மேசை, நாற்காலி, சோபா எல்லாம். அறையில் இருக்கும் ஒரே மேசையில் நண்பனின் கணினி. அவன் ஒரு மணி வரை விளக்கையும் அணைக்க மாட்டான். இரண்டாவது, பதினொன்று முதல் இரண்டு வரையிலான படிப்பு போய்விட்டால் நான் எப்போது படிப்பது? மற்ற நேரத்தில் படித்தது தலையில் ஏறுவதே இல்லை.


முதல்மணி_ஆசிரியை:

இரண்டாவதுக்கு மட்டும் நான் சொல்கிறேன். அந்த மூன்று மணி நேரம் கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது. கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தால் அதுவும் ஒன்பதுக்கு வந்துவிடும். படிப்பை விடச் சொல்லவில்லை, முன்னால் நகர்த்தச் சொல்கிறேன்.


ஆய்வேடு_எழுதும்_அக்கா:

முதல் சிக்கலுக்கு நான் வருகிறேன், ஏனென்றால் முனைவர் பட்டத்துக்காக இதே மாதிரி ஒரு பொந்து அறையில்தான் குடியிருக்கிறேன். தம்பி, கட்டிலில் உட்கார்ந்து படித்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, தேர்வுக்குப் பயந்து, பிறகு அதிலேயே படுத்தால் மூளைக்கு அது தூங்கும் இடம் என்று எப்படித் தெரியும்? ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன முறை இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் முக்கியப் பகுதி. கட்டில் தூங்க மட்டும். படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடம் போய், கண் சொக்கிய பிறகுதான் திரும்பி வர வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. சுமார் 20 நிமிடம் ஆனதாகத் தோன்றினாலே எழுந்துவிடலாம்.

ஹாஸ்டலில் வேறு இடத்துக்கு எங்கே போவது? நான் செய்வதைச் சொல்கிறேன். படிப்புக்கு நூலகம், அது மூடினால் பொது அறை. கட்டிலில் உட்கார்ந்தே ஆக வேண்டிய நாளில் படுக்கை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, கால்மாட்டுப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்காருவேன். தலையணை இருக்கும் பக்கம் படிப்புக்குத் தடை. தூக்கம் வராத இரவில் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சலிப்பூட்டும் புத்தகம். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் இதற்கு அருமையாகப் பயன்படுகிறது.

நண்பனின் விளக்குக்குக் கண்மறைப்புத் துணிதான் வழி. அவனோடு சண்டை போட்டு அந்தக் கோபத்தோடு படுத்தால் அதற்கும் தூக்கம் வராது.


இரவுப்பணி_மாணவி:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு நாளும் ஏழரைக்கு எழு என்பதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாரத்தில் மூன்று இரவு வேலை பார்த்துத்தான் கட்டணம் கட்டுகிறேன். காலை ஆறரைக்குப் பணி முடியும், பத்து மணிக்கு வகுப்பு. ஒழுங்கு என்பதும் வசதி இருப்பவர்களுக்குத்தான் போல.


முதல்மணி_ஆசிரியை:

நியாயமான கோபம். உங்கள் நிலைக்கு நான் சொன்னது பொருந்தாது, உங்களிடம் அதைச் சொல்லியிருக்கவும் மாட்டேன். கட்டணத்துக்கு வழி செய்ய வேண்டியவர்கள் வேறு. ஆனாலும் ஒன்று உதவலாம். மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இருவர் 1981இல் காட்டியது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் விழும் நான்கு மணி நேரத் தூக்கம் இருந்தால், மீதி நான்கு மணி நேரம் கண்டபடி சிதறினாலும் உடல் தாளம் ஓரளவு நிலைக்கிறது. அதை நங்கூரத் தூக்கம் என்கிறார்கள். அந்தப் பத்து மணி வகுப்பு எந்தெந்த நாளில், மதியத்துக்கு மேல் எப்போது ஓய்வு என்று எழுதுங்கள். எல்லா நாளுக்கும் பொதுவான நான்கு மணி நேரம் அகப்படுகிறதா என்று பார்க்கலாம்.

பணி முடிந்து வரும்போது வண்டி மட்டும் ஓட்டாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் 1997லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.


இரவுப்பணி_மாணவி:

பேருந்துதான் மேடம். நிறுத்தத்தைத் தவறவிடுவது மட்டும் வாடிக்கை. அட்டவணையைத் தனித் திரியில் போடுகிறேன், இங்கே ஆந்தையின் கேள்வி திசை மாறிவிடும்.


வெள்ளைக்கோட்டு:

மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மருத்துவன்தான், ஆனால் உங்களை நேரில் பார்க்காதவன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெலடோனின் உங்களை அடித்துத் தூங்கவைக்கும் மாத்திரை இல்லை. ‘இரவு வந்துவிட்டது’ என்று உள் கடிகாரத்துக்குச் சொல்லும் செய்தி. சரியான நேரத்தில், குறைந்த அளவில் கொடுத்தால் கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவரும். தவறான நேரத்தில் போட்டால் பின்னுக்கே தள்ளவும் கூடும். படுக்கையில் கிடந்து பார்த்துத் தூக்கம் வராமல் ஒரு மணிக்கு எழுந்து விழுங்குகிறார்களே, அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பல நாடுகளில் இதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும், சில நாடுகளில் ஊட்டச்சத்துப் பொருள் போலக் கடையில் கிடைக்கும். கடையில் கிடைப்பதில் லேபிளில் போட்ட அளவே உள்ளே இருக்கும் என்று நம்ப முடியாது. முதலில் மேடம் சொன்னதைச் செய்யுங்கள். நண்பனிடமோ வீட்டிலோ இருக்கும் தூக்க மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

கோளாறா என்று கேட்டீர்கள். விடுமுறையில் இஷ்டப்படி தூங்க விட்டால், நான்கு முதல் பன்னிரண்டு வரை அசந்து தூங்கி, தெளிவாக எழுகிறீர்களா? அப்படியானால் தூங்கும் திறன் நன்றாகவே இருக்கிறது, நேரம்தான் இடம் மாறியிருக்கிறது. இது தீவிரமாகி மாதக்கணக்கில் நீடித்து, என்ன செய்தும் நகராமல் போனால் அதற்கென்று ஒரு நோய்ப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. இஷ்டப்படி தூங்க விட்டும் தூங்க முடியவில்லை, வாரத்தில் மூன்று இரவாவது இப்படி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மாத்திரையைவிட முதலில் பரிந்துரைப்பது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. அக்கா சொன்ன கட்டில் விதி அதில் ஒரு பகுதி.

எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவதாக அறை நண்பன் சொன்னால், படுத்ததும் காலை ஆட்டியே ஆக வேண்டும் என்ற தவிப்பு வந்தால், மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது? தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டாலும் தூக்கம் கெடும். எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் வருகிறது என்றால் ஐந்து வாரம், தேர்வு என்றெல்லாம் பார்க்காமல் உடனே யாரிடமாவது பேசுங்கள்.


மூன்றாமாண்டு_ஆந்தை:

மனசு பரவாயில்லை டாக்டர், கேட்டதற்கு நன்றி. தேர்வுப் பயம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. கடந்த விடுமுறையில் வீட்டில் நீங்கள் சொன்ன மாதிரிதான், பன்னிரண்டுக்குத் தெளிவாக எழுந்தேன், எழுந்ததும் திட்டு வாங்கினேன். மாத்திரை யோசனையை விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று, மேடம். நாளை சனிக்கிழமை. ஏழரை என்றால் ஏழரையேவா? இந்த வாரம் முழுக்கத் தூங்கவே இல்லை.


முதல்மணி_ஆசிரியை:

எட்டரை வரை தருகிறேன், அதற்கு மேல் கிடையாது. மீதிக் கடனை மதியம் 20 நிமிடத்திலும், ராத்திரி சீக்கிரம் கண் சொருகும்போது போய்ப் படுப்பதிலும் அடையுங்கள். அலாரத்தைத் தலைமாட்டில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். நண்பனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவனுக்கும் நாளை சனிக்கிழமைதான்.